கொக்கி இருந்த இடம்

இங்கேதான் இருந்தது. இல்லை, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். விரல் நுனியை வைத்து மெதுவாக நகர்த்துகிறேன், வழுவழுவென்று போகிறது, எங்கேயும் தட்டவில்லை, பள்ளமில்லை, மேடில்லை. நல்ல வேலை. வேறு யாராவது செய்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். மோரிஸ் மைனர் வண்டிக்கு டேஷ்போர்டு முழுக்க இரும்புத் தகடு, வண்டிக்கு அடித்த அதே சாம்பல் பச்சைதான் அதற்கும், நடுவில் ஸ்பீடாமீட்டர், இரண்டு பக்கமும் சாமான் வைக்கிற குழி. இடது பக்கத்துக் குழிக்கு மேலே ஒரு பட்டை போலத் தகடு ஓடுகிறது. அந்தப் பட்டையில் எங்கேயோ ஒரு பித்தளைக் கொக்கி இருந்தது. என் மனைவி வசந்தாமணி மாட்டிய கொக்கி. அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன, கொக்கியைக் கழற்றி ஓட்டையை ஈயத்தால் அடைத்துப் பெயின்ட் அடித்தது போன மாதம். இப்போது அது எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது சிக்னலில் நின்றேன், இடது கை தானாக அந்தப் பக்கம் போனது, போய் ஒன்றும் கிடைக்காமல் தகட்டின் மேல் நின்றது. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்தது, வந்துவிட்டேன். வந்து இந்தக் கல்லூரி மைதானத்தில், எனக்கென்று சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்து, கண்ணாடியில் எண் அட்டையை மாட்டிவிட்டு, அப்போதிருந்து உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுகிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது. கையில் மஞ்சள் துணி வைத்திருக்கிறேன், துடைக்கிற மாதிரி. உண்மையில் துடைக்கவும்தான் வேண்டியிருக்கிறது, தொட்ட இடமெல்லாம் ரேகை விழுகிறது. வருஷா வருஷம் நடக்கிற பழைய கார் கண்காட்சியில் கார்க்காரர்கள் சொல்லாமல் கடைப்பிடிக்கிற மரியாதை ஒன்று உண்டு, அடுத்தவன் வண்டியைப் பார்க்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள். இன்றைக்கு என் வண்டியை நானே தடவித் தடவி அழுக்காக்கிக்கொண்டிருக்கிறேன், நடுவர் இந்த வரிசையின் அந்தக் கோடியில் ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணா, நீங்களே தேய்ச்சுத் தேய்ச்சுப் பெயின்ட்டை எடுத்துருவீங்க போல இருக்குதுங்,” என்று பக்கத்து வண்டி சாமியப்பன் ஜன்னல் வழியாகக் குனிந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்தான். அவனுடையது சிவப்பு ஹெரால்டு, வருஷம் தவறாமல் பக்கத்தில்தான் நிற்போம். தூசி படிஞ்சிருக்குது சாமி என்றேன். “எங்க தூசி? கண்ணாடி மாதிரி இருக்குது. போன வருசம் அந்தக் கொக்கியாலதான அண்ணா உங்களுக்குக் கப்பு போச்சு? அடைச்சீங்க பாருங்க, அது வேலை. எங்க இருந்துச்சுன்னு ஆண்டவனுக்கே தெரியாது.” ஆண்டவனுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். உனக்கு ஞாபகமிருக்கா சாமி, சுமாரா எந்த இடம்னு என்று கேட்டேன், சும்மா கேட்கிற குரலில். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “மீட்டருக்குப் பக்கத்துல இல்லீங்க?” என்றான். மீட்டருக்குப் பக்கத்தில் இல்லவே இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்திருந்தால் அதில் அவள் மாட்டுகிற எலுமிச்சம்பழப் பை ஆடி என் முட்டியில் இடித்திருக்கும். இடிக்கவில்லை. அல்லது இடித்ததா? வளைவுகளில் எலுமிச்சம்பழம் தகட்டில் டொக் டொக்கென்று மோதுகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டால் காது சொல்லமாட்டேன் என்கிறது. சத்தத்துக்கு இடமில்லை. வெறும் சத்தம்தான் இருக்கிறது.

அவளுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் போவாள், மாட்டு வண்டியில் போவாள், ஊட்டி ரயிலில்கூடப் போய் வந்தாள், இந்த வண்டியில் ஏறினால் மட்டும் உக்கடம் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். பெட்ரோல் நாத்தம் என்பாள். வண்டியில் நாத்தமே கிடையாது, நான் மூடியைக் கழற்றிப் பார்த்துப் பார்த்து இறுக்கி வைத்திருப்பேன். மடியில் எலுமிச்சம்பழமும் இரண்டு பாலிதீன் கவரும் வைத்துக்கொண்டுதான் வருவாள், பழம் உருண்டு கீழே போய் என் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒரு கொக்கி மாட்டிக் கொடுங்களேன் என்று எத்தனையோ தடவை கேட்டாள். கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டிய வண்டி, அதில் ஓட்டை போடுவதா என்று நான் காதிலேயே வாங்கவில்லை. நான் பஞ்சாலை ஸ்டோருக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுக் கதவு இழைக்க வந்த ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய், மரத்துக்குத் துளை போடுகிற துரப்பணத்தால் டேஷ்போர்டில் ஓட்டை போட வைத்துவிட்டாள். சாயங்காலம் வாசலுக்குள் நுழைகிறேன், காபியை நீட்டிக்கொண்டே சொல்கிறாள், “ஏனுங்க, உங்க சின்ன வீட்டுக்கு மூக்குக் குத்தியாச்சு. போய்ப் பாத்துட்டு வாங்க.” வண்டியைச் சின்ன வீடு என்றுதான் சொல்லுவாள், என் தங்கச்சி வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லுவாள். போய்ப் பார்த்தேன். துரப்பணம் வழுக்கி ஒரு கோடு வேறு இழுத்திருந்தது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள், “ஒரு கொக்கி அடிக்கறதுக்கு உங்ககிட்ட மனுப் போட்டுட்டு நிக்கணுமா? நானும்தான அதுல உக்காந்து வர்றேன்?” என்று உள்ளே போய்விட்டாள். நானும்தான அதுல உக்காந்து வர்றேன். அந்தக் கோடு, ஆமாம், அந்தக் கோடு எந்தப் பக்கமாகச் சரிந்திருந்தது, மேலேயிருந்து கீழாக, வலது பக்கமாக. கொக்கியிலிருந்து ஆரம்பித்து வலது பக்கமாக. அப்படியானால் கொக்கி இடது ஓரத்தில்தான் இருந்திருக்க வேண்டும், கதவுப் பக்கம். கதவுப் பக்கம் இருந்திருந்தால் அவள் இடது கையால்தானே பையை எடுத்திருப்பாள். எந்தக் கையால் எடுத்தாள்? சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு என்ன தெரியும். வளையல் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் இங்கிலீஷும் தமிழுமாகக் கலந்து வாருங்கள் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெயில் இன்னும் சுடவில்லை, மார்கழி வெயில், மைதானத்துப் புல்லின் ஈரம் டயரில் ஒட்டியிருக்கிறது, டயரைத் துடைக்க வேண்டும், துடைக்கவில்லை. ஒரு குடும்பம் கயிற்றோரமாக நின்று செல்பி எடுக்கிறது. அந்த அம்மா கேட்கிறார், “இது ஓடுங்களா?” ஓட்டிட்டுத்தானுங்க வந்தேன். “ஏசி இருக்குங்களா?” இல்லைங்க. “அப்பறம் எதுக்குங்க இவ்வளவு கஷ்டப்படறீங்க?” அவர் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். நியாயமான கேள்வி. வசந்தாமணியும் இதைத்தான் கேட்பாள், இதே வரிசையில், ஏனென்றால் அவளும் வருவாள். வாந்தி எடுத்தாலும் வருவாள், வந்து நிழல் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மற்ற பெண்களிடம் உட்கார்ந்து எங்களை எல்லாம் கேலி செய்துகொண்டிருப்பாள். எங்க ஊட்டுக்காரரு என்னைத் துணி போட்டு மூடி வெக்கல, வண்டியை மூடி வெச்சிருக்கறாரு என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கும்போது வாய் எந்தப் பக்கம் கோணும்? வலது பக்கம். வலது பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், காதுக்குக் கீழே மச்சம், தோட்டுத் திருகாணிக்குப் பக்கத்தில் நரைத்த முடி ஒன்று மட்டும் தனியாக நிற்கும். வண்டி ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தது அந்தப் பக்கம்தான். இடது பக்கம்? முப்பது சொச்சம் வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இடது பக்கத்தைப் பார்க்காமலா இருந்திருப்பேன். ஆனால் இப்போது கண்ணை மூடி அவளைத் திரும்பச் சொன்னால் திரும்ப மாட்டேன் என்கிறாள். ஸ்டூடியோ போட்டோவில் நேராகப் பார்க்கிறாள், அது போட்டோக்காரன் சொல்லிப் பார்த்த முகம். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் இருந்தது. அங்கே போகும்போதும் ஆம்புலன்ஸில்தான் போனாள், இந்த வண்டியில் இல்லை. போதும். டயரைத் துடைக்க வேண்டும்.

துடைக்கப் போகவில்லை. இறங்கினேன், சுற்றிக்கொண்டு வந்து இடது கதவைத் திறந்து அவள் சீட்டில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. வண்டியை யாரும் ஓட்ட விட்டதில்லை, பிறகு எப்படி உட்கார்வது. இங்கேயிருந்து பார்த்தால் வேறு வண்டி மாதிரி இருக்கிறது. முன்கண்ணாடியின் நடுக்கம்பி குறுக்கே வந்து சாலையில் பாதியை மறைக்கிறது. ஸ்பீடாமீட்டர் முள் சாய்ந்து தெரிகிறது, நான் நாற்பதில் போகும்போது இவளுக்கு அறுபது மாதிரி தெரிந்திருக்கும், மெதுவாப் போங்க மெதுவாப் போங்க என்று அதனால்தான் சொன்னாளோ என்னவோ. நாற்பதுதானடி போறேன் என்பேன். இப்போது கையை நீட்டினேன், மடியில் உட்கார்ந்திருக்கிற கையைத் தூக்கினால் இயல்பாக எங்கே போகுமோ அங்கே. பட்டையின் நடுவில் போய் நின்றது. ஆனால் என் கை நீளம், அவள் கை குட்டை. அவள் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போட்டிருப்பாள். சீட்டைத் தள்ளிப் பார்த்தேன். முழங்கால் இடித்தது. இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் வலது. எல்லா இடமும் அந்த இடம் மாதிரி இருக்கிறது, எந்த இடமும் அந்த இடம் இல்லை. பின்பக்கமாகக் கையை விட்டால் ஓட்டைக்குப் பின்னால் நான் வைத்துப் பற்றவைத்த செப்புத் தகடு தட்டும், ஆனால் குழியின் அட்டைப் பெட்டி குறுக்கே நிற்கிறது, அதைக் கழற்ற வேண்டுமானால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். நானேதான் உள்ளே தட்டாமல் இருக்கப் புது அட்டை வைத்துப் பசை போட்டு ஒட்டினேன்.

கொக்கி? கொக்கி வீட்டில் இருக்கிறது, திருகாணி டப்பாவில். அதே மாதிரி கொக்கிகள் அதில் நிறைய இருக்கின்றன, எல்லாம் ஒரே ஹார்டுவேர் கடையில் வாங்கியது, தனியாக வைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. அன்றைக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கொக்கியைச் சுற்றிப் பெயின்ட் உப்பியிருந்தது, கீறினால் உள்ளே துரு, ஒரு ரூபாய் அகலத்துக்குத் தகடு அரித்துப் போயிருந்தது. அரித்ததை வெட்டி எடுத்தேன். கண்ணாடிக்கு ஈரச் சாக்குப் போட்டு, ஒயரை எல்லாம் ஒதுக்கிக் கட்டி, பின்னால் செப்புத் தகட்டைப் பற்றவைத்து, ஈயத்தை உருக்கி, எண்ணெய் தடவிய மரக்கட்டையால் தள்ளித் தள்ளி நிரப்பினேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, புத்தகத்தில் படம் பார்த்துப் பழகியது. ஈயம் வெண்ணெய் மாதிரி நிற்கிற ஒரு பதம் இருக்கிறது, அதற்கு மேல் சூடு காட்டினால் வழிந்துவிடும், கீழே இருந்தால் தள்ள வராது, அந்தப் பதத்தில் பிடித்துவிட்டேன். பிறகு அரம், பிறகு உப்புத்தாள், தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இன்னும் தெரிகிறது இன்னும் தெரிகிறது என்று மறுபடி தேய்த்தேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது. நன்றாகத் தூக்கம் வந்தது. சட்னிகூட அரைத்துச் சாப்பிட்டேன். அவள் போன பிறகு அப்படி இருந்ததே இல்லை. வேலை முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட அவளை நினைக்கவில்லை, அவள் போட்ட ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டே. கடைசியில் தடவிப் பார்த்தபோது விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை, சந்தோஷப்பட்டேன். விசில்கூட அடித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு ஆள் இப்படி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வழவழப்பாக்கிக்கொண்டே போகலாம், கையில் அரமும் மனதில் சந்தோஷமுமாக, ஒருநாள் திரும்பிப் பார்த்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது. அப்புறம் என்ன செய்வேன்?

“அண்ணா, அந்தப் பக்கம் ஏன் உக்காந்திருக்கறீங்க? வந்துட்டாரு, வந்துட்டாரு.” சாமியப்பன் ஹெரால்டைப் பார்த்து முடித்துவிட்டார் போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நடுவர் என் வண்டிக்கு முன்னால் நிற்கிறார். சென்னையிலிருந்து வந்திருக்கிற ஷெரீஃப் சார், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கண்ணாடிக்கயிறு, கையில் அட்டையில் செருகிய மார்க் தாள். இறங்கி வணக்கம் சொன்னேன். முதலில் எஞ்சின். செல்ஃபை இழுக்கச் சொன்னார், ஒரே இழுப்பில் பிடித்தது. காதைக் கொடுத்துக் கேட்டார், தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து நூலில் கட்டிய பொத்தான் அளவு காந்தம் ஒன்றை எடுத்தார். தகட்டில் எங்கே பட்டி போட்டு மழுப்பியிருந்தாலும் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது, ஈயத்திலும் ஒட்டாது. இது எனக்குத் தெரிந்ததுதான். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பின்பக்க டிக்கிக்குக் கீழே, எங்கே துரு பிடிக்குமோ அங்கெல்லாம் நூலைப் பிடித்துக் காந்தத்தை நகர்த்தினார். எங்கேயும் விழவில்லை. விழாது, அதெல்லாம் கம்பெனித் தகடு. பிறகு தலையை உள்ளே விட்டு டேஷ்போர்டைப் பார்த்தார். போதும் போதும் என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது, வைத்துப் பாருங்கள் வைத்துப் பாருங்கள் என்று இன்னொரு பக்கம். அவர் வைக்கவில்லை. டேஷ்போர்டில் யார் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள்? “போன வருஷம் இங்க ஏதோ கொக்கி இருந்ததுன்னு குறிப்பு இருக்கே?” என்றார். எடுத்துட்டேன் சார். “தெரியவே இல்லையே. பிரமாதம் சார். யார் பண்ணாங்க?” நான்தான் சார். “நீங்களேவா? கையக் குடுங்க.” கையைக் கொடுத்தேன். குலுக்கினார். தாளில் என்னவோ எழுதினார், எழுதும்போது சிரித்தார், சாமியப்பன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். நடுவர் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிப் பக்கம் திரும்பினார்.

சார் என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பினார். அந்தக் காந்தத்தை ஒரு நிமிஷம் குடுங்க சார். “எதுக்கு சார்? மார்க் போட்டாச்சே.” பரவாயில்லை, குடுங்க. அவர் என்னைப் பார்த்தார், பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாமியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, “அண்ணா, என்ன பண்றீங்க, உங்களுக்கென்ன கிறுக்கா,” என்கிறான், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. இடது சீட்டில் உட்கார்ந்தேன். பட்டையின் ஓரத்தில் கதவுப் பக்கம் காந்தத்தை வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. நூலைப் பிடித்து இழுத்தேன். நகர்கிறது, ஒட்டிக்கொண்டே நகர்கிறது. ஓரத்தில் இல்லை. நடுவில் இல்லை. நடுவைத் தாண்டினேன், அங்கே இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை, வலது பக்கமாக, என் பக்கமாக, ஸ்பீடாமீட்டரை நோக்கி, இன்னும், இன்னும் கொஞ்சம். காந்தம் பிடியை விட்டு நூலோடு தொங்கியது.

அங்கே விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது, வழவழவென்று இருந்தது, மற்ற இடம் மாதிரியேதான் இருந்தது. விரலை எடுக்கவில்லை. ஷெரீஃப் சார் கதவுக்குள் குனிந்திருந்தார். “பட்டியா சார்?” ஈயம் என்றேன். என் வீட்டுக்காரி ஒரு ஓட்டை போட்டிருந்தா, அடைச்சுட்டேன். அவர் மார்க் தாளைப் பார்த்தார். “இப்படிக் காட்டிட்டீங்கன்னா நான் மார்க்கக் குறைக்கணும் சார். எனக்கு வேற வழி இல்ல.” குறைச்சுக்கங்க. “கப்பு போயிரும்.” போகட்டும் சார், உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க. இடது கை விரலை எடுக்காமல் வலது கையை நீட்டினேன். சாமியப்பன், ஐயோ பெயின்ட்டுல வேண்டாங்கண்ணா, பெயின்ட்டுல வேண்டாங்கண்ணா என்று கையைப் பின்னால் கட்ட மறந்துபோய் ஜன்னலுக்குள் நீட்டுகிறான். நடுவர் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். புதுப் பெயின்ட்டில் மை ஒட்ட மறுத்தது, முதல் தடவை வழுக்கியது, அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன், விரலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.